கண் மங்குவது தலைவிதியா?

நெய்வேலிப் பக்கத்தில் வயது சென்ற ஒருவரைப் பார்த்து, "கண் எப்படி இருக்கின்றது?" என்று கேட்டால், "வயசாகிவிட்டது, இனி கண் என்ன, காது என்ன, எல்லாம் விட்ட வழி" என்கின்ற பதிலே பெரும்பாலும் வருகின்றது. அவருடைய பிள்ளைகளைக் கேட்டாலும் இதே பதில்தான். கிழவரும் சொல்லி, குடும்பமும் சொல்லி, ஊரும் தலையாட்டி வருகின்ற இந்தச் சமாதானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம்.

நெய்வேலியில் 1956-ம் வருஷத்தில் கம்பெனி ஏற்பட்டு, 1957-ல் சுரங்க வேலை துவங்கிற்று. பூமிக்கடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தால்தான் அங்கே பழுப்பு நிலக்கரியை வெட்ட முடியும். "தண்ணீர் ஊறுவது தலைவிதி" என்று சொல்லி அந்தப் பம்புகளை நிறுத்தியிருந்தால் சுரங்கம் என்னவாகியிருக்கும்? இயந்திரத்தில் சத்தம் மாறினால் உடனே நிறுத்திப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, எண்ணெய் போட்டு ஓட்டியவர்கள், தங்கள் கண்ணின் ஒளி மாறினால் மாத்திரம் விதியென்று உட்காருவதற்கு என்ன நியாயம் இருக்கின்றது? சுரங்கத் தொழிலாளிக்கு வேலையிலிருக்கும் வரை ஐந்து வருஷத்திற்கு ஒரு முறையாவது தேக பரிசோதனை செய்தாக வேண்டுமென்று சட்டம் இருக்கின்றது. பரிசோதனை முன்னிலும் அதிகமாய் வேண்டியிருக்கின்ற வயதிலோ அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கின்றார்; வா என்று கூப்பிடுவாரில்லை.

முதுமையில் வரும் கண் நோய் ஒன்றல்ல. கண்புரை என்பது கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் கலங்கிப் போவதாகும். இதைக் கரைக்கச் சொட்டு மருந்தும் கிடையாது, பத்தியமும் கிடையாது; சிறு ஆப்பரேஷன் செய்து வேறு லென்ஸ் வைத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகின்றது. ஆனால் கண் அழுத்த நோயும், சர்க்கரை வியாதியால் விழித்திரை கெடுவதும், விழித்திரையின் நடுப்பாகம் தேய்வதும் அப்படிப்பட்டவையல்ல. இவற்றில் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். அந்தக் காப்பாற்றுகிற வேலையில் டாக்டருக்கு ஒரு பங்கு என்றால், நோயாளியின் அன்றாட வாழ்க்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது.

முதலாவது புகை. பீடி, சிகரெட்டு, சுருட்டுப் பிடிப்பவர்களுக்கு விழித்திரையின் நடுப்பாகம் கெடும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கின்றது. "நாற்பது வருஷம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பிரயோஜனம்?" என்பார்கள். விட்ட பிறகு அந்த ஆபத்து வருஷத்திற்கு வருஷம் குறைகின்றது என்பதே பதில். இரண்டாவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும். இவை இரண்டும் கட்டுக்குள் இருந்தால் விழித்திரை பிழைக்கும். இதற்கு மருந்தோடு தினம் அரை மணி நடையும் வேண்டும். கண் அழுத்த நோய்க்காரர்கள் நடக்கலாம். ஆனால் தலைகீழாய் நிற்கும் சிரசாசனம் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடுமாதலால், யார் சிபாரிசு செய்தாலும் அது கூடாது.

மூன்றாவது ஆகாரம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் இரத்தத்திலுள்ள 'சி' வைட்டமினை, வடக்கே ஓரிடத்திலும் தெற்கே புதுச்சேரிப் பக்கத்திலும் அளந்து பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். வடக்கே 100-க்கு 74 பேருக்கும், தெற்கே 100-க்கு 46 பேருக்கும் அது பற்றாக்குறை. அது அதிகமாயிருந்தவர்களிடம் கண்புரை குறைவாகக் காணப்பட்டது. இதைக் கொண்டு நெல்லிக்காய் தின்றால் புரை வராது என்று நாம் சொல்ல மாட்டோம். இரண்டு சேர்ந்து காணப்படுவது வேறு; ஒன்றால் மற்றொன்று உண்டாவது வேறு. ஆனால் நம் முதியவர்களில் பாதிப் பேர் சத்தில்லாமல் இருக்கின்றார்கள் என்பது மாத்திரம் அளந்து கண்ட உண்மை. இதே பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கங்களில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு 'சி' வைட்டமின் உள்ள முந்திரிப்பழத்தைக் கொட்டையைத் திருகிக்கொண்டு மண்ணில் எறிகின்றோம். கொட்டை பணமாகின்றது; பழம் குப்பையாகின்றது; வீட்டுக் கிழவியோ காலை முதல் காப்பித் தண்ணீரில் இருக்கின்றாள்!

கிழவியைப் பற்றித் தனியாகவும் சொல்ல வேண்டும். ஆயுள் முழுவதும் விறகடுப்புப் புகையில் வெந்தவள் அவள். எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்பவளும் அவளே. ஆப்பரேஷன் என்று வந்தால் கடைசியாகக் கூட்டிப் போகப்படுகின்றவளும் அவள்தான். "வீட்டோடு இருப்பவளுக்குக் கண் எதற்கு?" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், காரியத்தில் இதைத்தான் சொல்லுகின்றோம். இது விதியல்ல; நாம் செய்கின்ற அநீதி.

கண் நோய்க்காகச் சாமிக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகின்றவர்களைக் கேட்கின்றோம்: அந்த வெள்ளிக் கண்ணால் உங்கள் தாயார் பேரன் முகத்தைப் பார்ப்பாரா? பச்சிலைச் சாறும், விளக்கெண்ணெயும், தாய்ப்பாலும் கண்ணில் விட்டுக் கருவிழியைப் புண்ணாக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இதே ரகம்தான்.

"வயசாகிவிட்டது" என்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர், சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் துவக்கினார். அதன் கிளை 2003 முதல் புதுச்சேரியில், கடலூர் சாலையிலேயே இருக்கின்றது. அவர் ஓய்வு பெற்ற வயதில் நம்மவர்கள் திண்ணைக்குப் போகின்றார்கள்.

கடைசியாக, வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கிழவரை அதட்டியும், பீடியைப் பிடுங்கியும் வழக்கத்தை மாற்ற முடியாது. தடுமாறி விழுந்துவிடுவோமென்ற பயத்தாலேயே அவர் நடப்பதை நிறுத்தியிருப்பார்; காலையில் கூட நடங்கள். அவருக்கென்று தனிப் பத்தியம் போடாமல், குடும்பம் முழுவதும் கீரையும் பழமும் சேர்த்து, உப்பையும் சர்க்கரையையும் குறையுங்கள். ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நேரான கம்பி வளைந்து தெரிந்தால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வலியில்லாவிட்டாலும், நன்றாய்த் தெரிந்தாலும், வருஷத்திற்கு ஒரு முறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மங்கினால் அதை நோய் என்று சொல்லுவோம். ஒன்றும் செய்யாமலே மங்கவிட்டு, அதற்கு விதி என்று பெயர் வைப்பதை இனியாவது விட்டுவிட வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.