தவணைப் பணியும் ஒரு வளையமும்

மென்பொருள் மாதிரியமைப்பு என்னும் பாடத்தை முதுமாணி வகுப்பிலே பயிலும் மாணவருக்குத் தவணையின் கடைசி இரு கிழமைகளும் உறக்கமற்றவை. செயற்றிட்டத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்குகின்றது. கையிலோ பெட்டிகளும் அம்புக்குறிகளும் நிறைந்த படங்கள் மட்டுமே இருக்கின்றன. படங்கள் அழகானவைதாம். ஆயினும், அவை பொய் சொன்னால் எவரும் கண்டுகொள்ளார்.

இக்குறையைப் போக்க எழுந்த கருவிகளுள் ஒன்று 'அலோய்'. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் டானியல் ஜக்சனும் அவர் குழுவினரும் ஆக்கியது. ஓர் அமைப்பின் விதிகளைத் தருக்க மொழியில் எழுதி, 'இஃது ஒருபோதும் நிகழாது' என ஒரு கூற்றை முன்வைத்தால், சிறியதோர் எல்லைக்குள் அடங்கும் எல்லா நிலைகளையும் அது துருவும்; கூற்றைப் பொய்யாக்கும் நிலை இருப்பின் கண்முன் நிறுத்தும். மூன்று நான்கு பொருள்களை வைத்துப் பார்த்தாற் போதுமோ? பெரும்பாலான பிழைகள் சிறிய நிலையிலேயே முகங்காட்டிவிடும் என்பது இம்முறையின் அடிப்படை நம்பிக்கை.

அதே நிறுவகத்திலிருந்து 2001ஆம் ஆண்டில் 'கோர்ட்' என்னும் நெறிமுறை வெளியாயிற்று. கணினிகள் ஒரு வளையமாக நின்று, ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததை அறிந்து, தகவலைத் தேடிக் கொடுக்கும் முறை அது. கணினிகள் இடையில் வந்து சேரலாம்; சொல்லாமலே செயலிழக்கலாம்; வளையம் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும். எளிமையும் நிறுவத்தக்க சரித்தன்மையும் அதன் சிறப்புக்கள் என ஆக்கியோர் எழுதினர். அறிஞர் பலரும் அதனை எடுத்தாண்டனர். 2012இல் பமேலா ஸேவ் என்னும் அம்மையார் அந்நெறிமுறையை அலோய் மொழியில் எழுதிச் சோதித்தார். ஆக்கியோர் கொண்ட எடுகோள்களின்படியே பார்த்தாலும், வெளியான வடிவங்களுள் ஒன்றேனும் சரியானதன்று என்பது வெளிப்பட்டது! குலைந்த வளையம் சில வேளைகளில் மீண்டும் பொருந்தவேயில்லை. குறை கண்டதோடு அவர் நின்றாரல்லர்; சரியான வடிவத்தை 2017இல் நிறுவிக் காட்டினார்.

மாணவ நண்பர் இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். 'மறுப்பு எதுவும் கிடைக்கவில்லை' என்று கருவி கூறியவுடனே அறிக்கை எழுத அமர்ந்துவிடலாகாது. நாம் எழுதிய விதிகளே ஒன்றோடொன்று முரண்பட்டால், அவற்றுக்கு இணங்கும் நிலை ஒன்றேனும் இராது. ஒன்றுமில்லாத உலகிலே எந்தக் கூற்றும் மெய்யாகிவிடும். (அடுப்பெரியாத வீட்டில் சோறு குழைவதில்லை அன்றோ?) ஆகையால், விதிகளுக்கு அமைந்த உதாரணம் ஒன்றைக் காட்டும்படி முதலிற் கருவியைக் கேட்க வேண்டும். பின்னர் இன்றியமையாத விதியொன்றை வேண்டுமென்றே நீக்கி, பிழை பிடிபடுகின்றதா எனவும் பார்க்க வேண்டும். இவ்விரண்டிற்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.

நூலகம் முழுவதையும் மாதிரியாக்கப் புறப்பட்டவர், நாள் குறைந்துவிட்டதெனில் இரவல் கொடுக்கும் பகுதியோடு நிற்பாராக. எத்தனை நூல், எத்தனை வாசகர் என்ற எல்லைக்குள் சோதித்தார் என்பதையும், விட்டவை எவை என்பதையும் அறிக்கையில் ஒளிக்காது எழுதட்டும். சோதனையில் விழுந்த முதல் மாதிரியையும், அது விழுந்த காரணத்தோடு பின்னிணைப்பிற் சேர்க்கலாம்.