கதவும் சாளரமும்

நுழையும்முன்

வீட்டிற்குக் கதவு வேண்டும். அதனை எப்போது திறப்பது, யாருக்குத் திறப்பது என்பதை வீட்டில் வாழ்பவரே முடிவு செய்ய வேண்டும். இணையவெளியில் நாம் வாழும் வாழ்க்கைக்கு அத்தகைய கதவு உண்டா? அரசின் பார்வையும் பெருநிறுவனங்களின் பார்வையும் ஒருங்கே நம்மீது விழும் இக்காலத்தில், தனியுரிமை குறித்துச் சிந்திக்க அழைக்கிறது இக்கட்டுரை.

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகையும் பிச்சியும் கைமாறும் காலைப்பொழுது. பூ வாங்கியவர் தம் திறன்பேசியை வியாபாரியின் அட்டைமுன் காட்டுகிறார். பணம் வந்து சேர்ந்ததை ஒரு சிறு பெட்டி உரத்த குரலில் அறிவிக்கிறது. சற்றுத் தொலைவில், நியாயவிலைக் கடையில் மூதாட்டி ஒருவர் விரல்ரேகையைப் பதித்து அரிசி பெறுகிறார். விசைத்தறிக் கூடத்தில் இரவுப்பணி முடித்த இளைஞர் ஒருவர், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் காணொலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூவரும் தவறேதும் செய்யவில்லை. ஆயினும் மூவரைப் பற்றிய குறிப்பும் எங்கோ பதிவாகிறது. முதற்குறிப்பு வங்கியிடமும் செயலி நிறுவனத்திடமும் சேர்கிறது. இரண்டாவது அரசின் கணினியில் அமர்கிறது. மூன்றாவது, கடல்கடந்த பெருநிறுவனம் ஒன்றின் கணக்கில் ஏறி, அவ்விளைஞருக்கு நாளை எந்த விளம்பரத்தைக் காட்டலாம் என்பதை முடிவு செய்கிறது.

எது பெரிது என்னும் வழக்கு

அரசு நம்மைக் கண்காணிப்பது பெருந்தீங்கா, நிறுவனங்கள் நம் தரவுகளைத் திரட்டுவது பெருந்தீங்கா என்னும் வழக்கு இன்று உலகெங்கும் நிகழ்கிறது. அரசே அஞ்சத்தக்கது என்பவர் கூறும் காரணம் வலிமையுடையது. நிறுவனம் ஒருவரைச் சிறையிலடைக்க இயலாது, அரசால் இயலும். பிடிக்காத செயலியை நீக்கிவிடலாம்; குடும்ப அட்டையை நீக்கிவிட்டு வாழ இயலுமா?

நிறுவனங்களே அஞ்சத்தக்கவை என்பாரும் வலுவான சான்று காட்டுவர். அரசை நாம் வாக்களித்து மாற்றலாம்; நிறுவனத்தை மாற்ற நம்மிடம் வாக்குச்சீட்டு இல்லை. நாம் எங்கே செல்கிறோம், எதைத் தேடுகிறோம், எந்த நள்ளிரவில் உறங்காதிருக்கிறோம் என்பதையெல்லாம் அவை நாள்தோறும் அறிகின்றன. 2018ஆம் ஆண்டு வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், முகநூல் பயனர் 8 கோடியே 70 இலட்சம் பேர்வரையிலான தரவுகள் முறையின்றிப் பகிரப்பட்டிருக்கலாம் என அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவர்களுள் ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியர். அத்தரவுகள் பொருள் விற்பதற்காகத் திரட்டப்பட்டவை அல்ல; தேர்தலில் மனங்களை வளைக்கத் திரட்டப்பட்டவை.

இவ்வழக்கைக் கேட்கும்போது எங்கள் ஊர்த் தலவரலாறு என் நினைவிற்கு வருகிறது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என வழக்கிட்டனர். கோமதி அம்மன் தவமிருக்க, இறைவன் ஒருபாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் ஓருருவில் காட்சியளித்தார் என்பது அவ்வரலாறு. ஆண்டுதோறும் ஆடித்தபசு விழா அக்காட்சியையே கொண்டாடுகிறது. தெய்வத்தை நான் இங்கு ஒப்பிடவில்லை. வழக்கின் வடிவத்தையே எண்ணுகிறேன். இரண்டெனக் கருதி எது பெரிதென வாதிடும்போது, அவை இணைந்திருப்பதைக் காணத் தவறுகிறோம். அரசின் கண்காணிப்பும் நிறுவனத்தின் தரவுத் திரட்டலும் இன்று அவ்வாறே பிணைந்துள்ளன.

இருதிசையிலும் ஓடும் ஆறு

2013ஆம் ஆண்டு எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் இவ்விணைப்பை உலகிற்குக் காட்டின. பிரிசம் என்னும் திட்டத்தின்கீழ், கூகுள், முகநூல், மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்களிடமிருந்த தகவல்களை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பெற்றுவந்தது தெரியவந்தது. நிறுவனங்கள் வணிகத்திற்காகச் சேர்த்துவைத்த களஞ்சியமே அரசின் கண்காணிப்புக் களஞ்சியமாயிற்று.

இந்த ஆறு எதிர்த்திசையிலும் ஓடும். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு ஆகியவற்றிற்காக நாம் தந்த விவரங்களை 87 தனியார் நிறுவனங்களுக்கு வழங்கி, ஏறத்தாழ 65 கோடி ரூபாய் ஈட்டியதாக ஒன்றிய அரசு 2019ஆம் ஆண்டு மாநிலங்களவையில் தெரிவித்தது. தரவுகளை மொத்தமாகப் பகிரும் அக்கொள்கை மறு ஆண்டே கைவிடப்பட்டது. ஆனால், உரிமம் பெற வரிசையில் நின்ற எவரும் தம் விவரம் விலைபோகும் என எண்ணியிருக்கமாட்டார்.

ஆகவே, யார் திரட்டுகிறார் என்னும் கேள்வி மட்டும் போதாது. எதற்காகத் திரட்டப்பட்டது, அந்நோக்கத்தைத் தாண்டி அது எங்கே செல்கிறது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பனவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

மறைக்க ஏதுமில்லை என்போர்க்கு

“நான் தவறு செய்யவில்லை; மறைக்க என்னிடம் எதுவுமில்லை; பிறகு எனக்கேன் அச்சம்?” என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு நம் தென்மாவட்டங்களின் வரலாறே விடைகூறும். ஆங்கிலேய அரசு 1911இல் விரிவுபடுத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பிறந்த சமூகத்தையே காரணமாகக் கொண்டு, குற்றமே செய்யாதவரும் கைரேகை பதிக்கவும் இரவில் காவல்நிலையத்தில் தங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் அப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது, பலர் உயிர்துறந்தனர். நெடிய போராட்டத்திற்குப்பின் 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அம்மக்கள் மறைத்துவைத்தது எதுவுமில்லை. எது குற்றம், யார் ஐயத்திற்குரியவர் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பதிவேட்டை வைத்திருந்தவரிடம் இருந்தது, அவர்களிடம் இல்லை. நாம் நல்லவராக இருப்பது மட்டுமே நமக்குக் காவலாகாது. நம்மைப் பற்றிய பதிவேட்டை வைத்திருப்பவருக்கு எல்லை வகுக்கப்பட்டிருப்பதே காவலாகும்.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

அவ்வெல்லையை வகுத்ததில் தமிழ்நாட்டு வழக்கொன்றிற்குப் பெரும்பங்கு உண்டு. சிறைக்கைதி ஒருவரின் தன்வரலாற்றை வெளியிட முயன்ற நக்கீரன் இதழைச் சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முனைந்தனர். 1994ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்வழக்கில், தனித்து விடப்படும் உரிமை குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அதேவேளையில், அரசு அலுவலர் தம் அலுவல் சார்ந்த செயல்களை மறைக்க அவ்வுரிமையைக் கேடயமாக்க இயலாது என்றும் தெளிவுபடுத்தியது.

2012இல், கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அப்போது அவர் அகவை 86. அவ்வழக்கின் வழியாக, 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருக்கவேண்டும். நோக்கம் நேரியதாக இருக்கவேண்டும். தலையீடு அந்நோக்கத்திற்குத் தேவையான அளவைத் தாண்டலாகாது. 2018இல் ஆதார் திட்டத்தை ஏற்ற உச்சநீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின்வழி ஆதாரைக் கேட்க இடமளித்த சட்டப்பகுதியை நீக்கியது. அந்த ஆற்றின் ஒரு திசை அன்று அணையிடப்பட்டது.

2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், ஒன்றிய உள்துறை 2011இல் பிறப்பித்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை நீக்கியது. பொது அவசரநிலையோ பொதுமக்கள் பாதுகாப்போ காரணமாக இருந்தாலன்றி, குற்றத்தைக் கண்டறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இடமளிக்கவில்லை என்றது அத்தீர்ப்பு.

சட்டமும் அதன் இடைவெளியும்

2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. மாணவர்களே, இச்சட்டம் உங்களை நேரடியாகத் தொடுகிறது. 18 வயது நிரம்பாதோரை அது குழந்தைகள் என வரையறுக்கிறது. அவர்களின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடைசெய்கிறது. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்கவும் வழிசெய்கிறது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால், நிறுவனத்திற்கு வேலியிட்ட இச்சட்டம் அரசிற்கு அகன்ற வாயிலைத் திறந்துவைத்துள்ளது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகள் இச்சட்டத்திலிருந்து விலக்குப் பெறலாம். நாட்டைக் காக்கச் சில வேளைகளில் கண்காணிப்புத் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. அத்தேவையைத் தன்னாட்சியுடைய ஒருவர் ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கவேண்டும் என்பதே என் கருத்து. காப்பவரும் அவரே, கணக்குப் பார்ப்பவரும் அவரே என்றால் அக்கணக்கை யார் நம்புவர்?

மேலும், இச்சட்டம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தியுள்ளது. தனிநபர் தகவல் என்னும் காரணம் காட்டி விவரங்களை மறுக்க அலுவலகங்களுக்கு இப்போது முன்பைவிட எளிதாகிறது. பொதுநலன் மேலோங்கினால் வெளியிடலாம் என்னும் பொதுவிதி இன்னும் இருக்கிறது. ஆயினும் கேட்பவரின் பாதை கடினமாகிவிட்டது. 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த நெறிக்கு இது எதிரானது. குடிமகனுக்காகப் பிறந்த தனியுரிமை, அலுவலகத்தின் திரையாக மாறலாகாது.

நாம் செய்யத்தக்கது

செயலி ஒன்று உங்கள் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கும்போது, அதன் பணிக்கு அவை தேவையா என ஒருகணம் எண்ணுங்கள். கைவிளக்குச் செயலிக்கு உங்கள் நண்பரின் எண் எதற்கு? படிவம் ஒன்றை நிரப்பும்போது, இவ்விவரம் எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் எனப் பணிவுடன் கேளுங்கள். அவ்வாறு கேட்பதைக் குறும்பெனக் கருதவேண்டாம். அது குடிமைப் பண்பு. ஆயினும் தனிமனிதர் விழிப்பு மட்டும் போதாது. ரேகை பதித்தால்தான் அரிசி கிடைக்கும் என்னும் நிலையில் நிற்கும் மூதாட்டியிடம் கவனமாக இருங்கள் என்று அறிவுரை கூறுவதில் பொருளில்லை. அவருக்காகச் சட்டமே விழித்திருக்கவேண்டும். சட்டம் விழித்திருக்கிறதா என்பதை, விரைவில் வாக்காளராகவிருக்கும் நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எளியவர் வீட்டிற்குக் கதவு வேண்டும்; வலியவர் அலுவலகத்திற்குச் சாளரம் வேண்டும். இன்றோ, பூ விற்பவரின் வீட்டில் சாளரங்கள் பெருகுகின்றன. அரசின் கூடத்திலும் நிறுவனத்தின் கூடத்திலும் கதவுகள் பெருகுகின்றன. இதனை மாற்றியமைப்பதே மக்களாட்சியின் பணியாகும்.