அட்டையில் அடங்காத கடிதம்

ஜெலுத்தோங்கில் எங்கள் பெரியம்மா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. எரேமியா 29:11. வருடக் கடைசி இரவு ஆராதனையில், தட்டிலிருந்து கண்ணை மூடி எடுத்த வாக்குத்தத்த அட்டை. அந்த வருடம்தான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. "ஆண்டவரே சொல்லிட்டாரும்மா, வருஷம் முடியறதுக்குள்ள சுகம்தான்" என்றார் சபைப் போதகர். ஆகஸ்டில் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "விசுவாசம் கொஞ்சம் பத்தல."

அந்த ஒரு பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நானும் சபைக்குப் போகிறவன்தான்.

அட்டையில் இருந்தது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த வரி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. ஒரு வசனம் முன்னால் போனால் போதும், எழுபது வருடம் ஆகும் என்று இருக்கிறது. அதாவது, கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் செய்யுங்கள் என்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்னால் அறிவித்தவர். அவரைப் பொய்த் தீர்க்கதரிசி என்று தள்ளுகிறது வேதாகமம். பெரியம்மாவுக்கு எரேமியாவின் பெயரைப் போட்டுக் கொடுத்தது அனனியாவின் வாக்கை.

அட்டை எடுப்பதற்கும் நாலு நம்பர் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? நம்பர் விழவில்லை என்றால் கடைக்காரர் உங்கள் விசுவாசத்தைக் குறை சொல்வதில்லை.

இது புது வியாதியும் இல்லை. ராஜாவின் உருவத்தில் பதித்த கற்களைக் கலைத்து நரியாக அடுக்கிவிட்டு, இதுதான் ராஜா என்று காட்டுகிறார்கள் என இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகரத்து ஆயர் இரனேயு புலம்பினார். அவர் காலத்தில் வசனத்துக்கு எண்கூடக் கிடையாது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர், 1551இல். தேட வசதி, பிய்க்க அதைவிட வசதி.

கற்களை இருந்த இடத்தில் வைத்தால் தெரிவது ஒரே கதை. தோட்டத்தில் ஆரம்பித்து நகரத்தில் முடிகிறது. நடுவில் வீழ்ச்சி, ஆபிரகாம், எகிப்து, ராஜாக்கள், சிறையிருப்பு, சிலுவை, காலியான கல்லறை. (இது கிறிஸ்தவ வாசிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். யூதர்களின் அடுக்கில் கடைசிப் புத்தகம் நாளாகமம். ஊர் திரும்பலாம் என்று கோரேஸ் ராஜா அனுமதிப்பதோடு நின்றுவிடும். நம் பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிகிறது. அடுக்கு மாறினால் கதையும் மாறும்.) இந்தக் கதையில் கண்ணீர் துடைக்கப்படுவது கடைசி இரண்டு அதிகாரங்களில்தான். அதுவரை அழுகிறவர்கள் விசுவாசம் குறைந்தவர்களா? கெத்செமனேயில் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டவருக்கே அது நீங்கவில்லை. அவருக்கும் பத்தலையா?

பெரியம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினாராம். இந்த மண்ணில்தான் புதைத்தோம். எரேமியாவின் முழுக் கடிதமும் அந்தக் குடும்பத்துக்கு எழுதினதுபோலத்தான் இருக்கும். அதில் ஒரு வரியைத்தான் கொடுத்தார்கள், அதுவும் வேறு அர்த்தத்தில்.

போதகரிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. "தம்பி, எழுபது வருஷம்னு சொன்னா யாருப்பா சபைக்கு வருவாங்க?" என்றார். பெரியம்மா வந்திருப்பார் ஐயா. முப்பது வருடமாக மழையிலும் வந்தவர்தானே. சாகப் போகிறோம் என்று அவருக்கு ஜூனிலேயே தெரியும். அதைச் சபையில் வாய்விட்டுச் சொல்லத்தான் அவருக்கு இடமில்லாமல் போனது.