பேங்க்ஸி வரைகிறார்... காசு யாருக்குப் போகுது?

2013 அக்டோபர். நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரமாக ஒரு முதியவர் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார். ஓவியம் ஒன்று 60 டாலர். பல மணி நேரம் ஈ ஓட்டுகிறார். கடைசியில் வந்த ஒரு பெண், தன் பிள்ளைகளுக்காக இரண்டு வாங்குகிறார், அதுவும் பாதி விலைக்கு அடித்துப் பேசி. (பேரம் பேசுறதுல ரங்கநாதன் தெருவுக்கு மட்டும்தான் பேடன்ட்னு நினைச்சுட்டு இருந்தேன்.) கடையைக் கட்டும்போது மொத்த வசூல் 420 டாலர்.

எல்லாமே பேங்க்ஸி கையெழுத்திட்ட ஒரிஜினல் என்பது மறுநாள்தான் தெரிய வந்தது. அடுத்த ஆண்டே அதில் இரண்டு படங்கள் லண்டன் ஏலத்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. அந்த லாபத்தில் பேங்க்ஸிக்கு என்ன பங்கு?

பிரிஸ்டல் நகரத்துச் சுவர்களில் 1990-களில் வரையத் தொடங்கியவர் பேங்க்ஸி. அட்டையில் உருவத்தை வெட்டி, அதன்மேல் ஸ்பிரே அடிக்கும் ஸ்டென்சில் முறைதான் அவர் அடையாளம். போலீஸ் வருவதற்குள் முடித்துவிட்டு ஓட அதுதான் வசதி. யார் இவர் என்று துப்பறியும் கட்டுரைகள் ஏராளம். இது அந்த வகை இல்லை. பெயர் சொல்லாமல் இருப்பதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் இங்கே கணக்கு.

சுவர் யாருடையதோ, படம் அவருடையது

2014-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகரில் ஒரு கேளிக்கை விடுதிச் சுவரில் பேங்க்ஸி ஒரு படம் வரைந்தார். கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம் சுவரையே வெட்டி எடுத்து, விற்பதற்காக அமெரிக்காவின் மயாமிக்கு அனுப்பிவிட்டது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் போனது. 2015-ல் வந்த தீர்ப்பு: வெட்டி எடுத்த துண்டு கட்டட உரிமையாளருக்கே சொந்தம், வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. சண்டை முழுக்க ஹவுஸ் ஓனருக்கும் டெனன்ட்டுக்கும்தான். வரைந்தவர் அதில் ஒரு தரப்பே இல்லை!

2018-ல் வேல்ஸின் போர்ட் டால்பட்டில், ஓர் இரும்பு ஆலைத் தொழிலாளியின் கராஜ் சுவரில் இன்னொரு படம். சின்னப் பையன் நாக்கை நீட்டி பனியைப் பிடிக்கிறான். சுவரின் மறுபக்கம் திரும்பிப் பார்த்தால், அது பனி இல்லை, எரியும் குப்பையின் சாம்பல். ஆலைப் புகையில் வாழும் ஊருக்காகவே வரைந்தது போன்ற படம். கூட்டத்தைச் சமாளிக்க முடியாத உரிமையாளர், அதை ஒரு கேலரிக்காரருக்கு ஆறு இலக்கத் தொகைக்கு விற்றார். 2022-ல் படம் ஊரை விட்டே போய்விட்டது. சாம்பல் மட்டும் ஊரில் இருக்கிறது.

ஏலத்தில் விற்றால் பங்கு வராதா?

2018 அக்டோபரில் சோத்பிஸ் ஏலத்தில் சுத்தியல் விழுந்த அடுத்த நொடி, ஃபிரேமுக்குள் ஒளித்து வைத்திருந்த ஷ்ரெடர் படத்தைப் பாதி கிழித்ததை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அன்றைய விலை சுமார் 10.4 லட்சம் பவுண்டு. கிழிந்த அதே படம் 2021-ல் சுமார் 1.86 கோடி பவுண்டுக்குப் போனது. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட 18 மடங்கு. ஏலத்தைக் கேலி செய்த படத்தால் ஏலச் சந்தைக்கே லாபம்.

மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டம் பிரிட்டனில் உண்டு. ஆனால் எவ்வளவுக்கு விற்றாலும் அன்றைய உச்சவரம்பு 12,500 யூரோ. 2021 விலையோடு வைத்துப் பார்த்தால் 100 ரூபாய்க்கு சுமார் 6 பைசா. கேட்டு வாங்கினாலும் அவ்வளவுதான்.

சரி, டிரேட்மார்க் வாங்கலாமே?

வாங்கிப் பார்த்தார். பூச்செண்டை எறியும் போராட்டக்காரர் படத்துக்கு, அவருடைய ‘பெஸ்ட் கன்ட்ரோல்’ நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் டிரேட்மார்க் பதிவு செய்தது. ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம் அதை எதிர்த்தது. அவசரமாக 2019-ல் லண்டன் க்ராய்டனில் ஒரு கடையை அமைத்தார் பேங்க்ஸி. கதவே திறக்காத கடை, விற்பனை ஆன்லைனில் மட்டும். வழக்குக்காகத்தான் கடை என்று அவரே சொன்னது வினையாகிவிட்டது. 2020-ல் பதிவு ரத்தானது. காப்பிரைட் வழியில் போனால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அந்த முடிவு சுட்டிக்காட்டியது. குரங்குப் படம் ஒன்றின் வழக்கில் மட்டும் 2022-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்.

அப்போ அவர் கையில் என்னதான் இருக்கிறது? ஒரு சான்றிதழ். பேங்க்ஸி படம் அசலா என்று சொல்வதும் பெஸ்ட் கன்ட்ரோல்தான். தெருவிலிருந்து பெயர்த்து எடுத்த எதற்கும் அது சான்றிதழ் தருவதில்லை. சான்றிதழ் இல்லாத படத்தைப் பெரிய ஏல நிறுவனங்கள் தொடவே தயங்கும். சட்டம் தராத பிடியை இப்படி ஒரு காகிதத்தால் வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஸ்டென்சில் இல்லை, இதுதான்.

இந்தப் பிடிக்கும் எல்லை உண்டு. 2025 செப்டம்பரில், லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் சுவரில், நீதிபதி ஒருவர் சுத்தியலால் போராட்டக்காரரை அடிப்பது போல வரைந்தார். பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லி நிர்வாகம் அழித்தது. சொத்து சேதம் என போலீஸ் விசாரணையும் தொடங்கியது. வழக்கு விசாரணை வரை போனால், குற்றவாளிக் கூண்டில் புனைபெயர் நிற்க முடியாது.

இந்தியாவில் என்றால்?

2012-ல் கொச்சி பியனாலே தொடங்கிய காலத்திலிருந்து, ‘கெஸ் ஹூ’ என்ற பெயரில் கொச்சி சுவர்களில் ஒருவர் வரைந்து வருகிறார். அவரும் முகம் காட்டாதவர்தான். நம்ம காப்பிரைட் சட்டம் 1957, பெயரில்லாத படைப்புக்கும் வெளியான பின் 60 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. தெரு ஓவியங்களை நீதிமன்றங்கள் கண்டுகொள்ளாமலும் இல்லை. மும்பை சுவரோவியம் ஒன்று இன்சூரன்ஸ் விளம்பரத்தில் வந்தபோது, சமூக வலைதளங்களிலிருந்து அதை நீக்கச் சொல்லி 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனால் அங்கே வழக்குப் போட, பெயரும் பதிவும் உள்ள ஓர் அமைப்பு இருந்தது.

பெயரில்லாதவருக்கு யார் போடுவது? பிரிவு 54-ன்படி, யார் என்று வெளிப்படும்வரை அந்த உரிமை ‘பதிப்பாளருக்கு’ உண்டு. புத்தகம் என்றால் சரி. ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் ஏறிய படத்துக்குப் பதிப்பாளர் யார், வரைந்தவரா, சுவர்க்காரரா?