யன்னலுக்கு ஒரு மறைப்பு

பழைய கல்வீடுகளின் சுவர் தடித்தது. யன்னல் நிலைக்கு உட்புறத்தே போதிய இடம் எஞ்சியிருக்கும். இன்று நாம் 4 அல்லது 6 அங்குலச் சீமெந்துக் கல்லில் வீடு கட்டுகின்றோம். நிலையே சுவரின் தடிப்பைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றது. உருளையிற் சுருண்டேறும் திரையை அதனுட் பூட்டினால், உருளை வெளியே துருத்தி நிற்கும். துணி யன்னற் கொளுக்கியில் உரசிக் கிழியும். இடம் போதாதென்று நிலையைச் செதுக்குவாரும் உளர். மரம் வலுவிழப்பதே அதனாற் கண்ட பயன்.

இத்தகைய யன்னலுக்கு, மறைப்பை நிலைக்கு மேலே சுவரிற் பூட்டுவதே முறை. இருபுறமும் 2 அல்லது 3 அங்குலம் சுவரை மூடுமாறு துணியை அளந்தெடுத்தல் வேண்டும். இல்லையேல் ஓரத்தால் வெயில் புகும். உட்பொள்ளலான சீமெந்துக் கல்லில் ஆணி நில்லாது. யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிறீற்றிலே துளையிட்டு, அடைப்புச் செருகி, திருகாணியால் இறுக்குவோமாக.

மேற்கு யன்னலுக்கு இதுவும் போதாது. கண்ணாடியைக் கடந்த வெயில் திரையிற்பட்டு வெப்பமாகி அறைக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும். மாலையில் அங்கிருந்து படிக்கும் பிள்ளைக்குக் கண்கூச்சம் நீங்கும், புழுக்கம் நீங்காது. வெளியே தாழ்வாரத்தில் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியை அணுகுமுன்னரே தடைப்படும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. திரையை இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்குமாயின், சிறு குழந்தையின் கழுத்துக்கு அதுவே சுருக்காகலாம். அதனைக் குழந்தைக்கு எட்டாத உயரத்திற் சுற்றிக் கட்டுவோம். தொட்டிலையும் கட்டிலையும் அதனருகே வையாதிருப்போம். வெயிலுக்கு அஞ்சி மாட்டிய மறைப்பு வீட்டுக்குத் துயர் தரலாகாது.