குழம்புக்கும் பெயர்ப்பலகையில் இடம் வேண்டும்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் காலையில் போய் 'கறி மீ' கேட்பவருக்கு வெளிறிய சாறு நிறைந்த கிண்ணம் வரும். தேங்காய்ப்பால் சேர்த்த அந்தச் சாற்றில் மஞ்சள் மீயும் மீகூனும் கிடக்கும். மேலே கணவாய், மட்டி, பொரித்த தௌஃபூ. பல சீனர் கடைகளில் உறையவைத்த பன்றி இரத்தத் துண்டுகளும் உண்டு. மிளகாய் விழுதைத் தனியாக வைப்பார்கள். எவ்வளவு காரம் வேண்டும் என்பதைச் சாப்பிடுபவரே முடிவு செய்து கலக்கிக்கொள்வார். வெளியூரிலிருந்து வரும் தமிழருக்கு இதில் கறி எங்கே என்று தேடத் தோன்றும். பினாங்குக்காரருக்கு அந்தச் சந்தேகமே வராது. 2014இல் மைகுவாலி நிறுவனத்தின் 'பினாங்கு ஒயிட் கறி' உடனடி மீ, 'ராமென் ரேட்டர்' என்ற அமெரிக்க விமர்சகரின் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெள்ளைக் கறி என்பது இந்தத் தீவுக்கு அவ்வளவு இயல்பானது.

அங்கிருந்து ஜார்ஜ்டவுனுக்குள் வந்தால் அதே சொல்லுக்கு வேறு பொருள். 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா போன்ற நாசி கண்டார் கடைகளில், 'குவா சம்போர்' என்று சொன்னால் மீன், கோழி, மாடு என மூன்று நான்கு குழம்புகளைச் சோற்றின் மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். 'பஞ்ஜிர்' என்றால் சோறு மூழ்கும்வரை ஊற்றுவார்கள். நியோன்யா வீடுகளின் 'கறி கப்பித்தான்' இன்னொரு வகை: செரை என்னும் எலுமிச்சைப் புல், எலுமிச்சை இலை, புவா கெராஸ் கொட்டை, பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்த்துக் கெட்டியாக வற்றவைத்த கோழி. வாழை இலை உணவகத்தின் 'மீன் கறி'யோ புளி கரைத்து ஊற்றி, வெண்டைக்காயும் தக்காளியும் போட்டுக் கொதிக்கவிட்ட மீன் குழம்பு. ஊர் ஒன்று, சொல் ஒன்று. தட்டில் வருவதோ நான்கு வகை.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குத் தமிழிலிருந்து போனது என்பதில் பெரிய ஐயம் இல்லை. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதைத் தமிழ்க் 'கறி'யிலிருந்தே காட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் ஏடு ஒன்றின் தலைப்பில் 'கியூரி' என்ற சொல் இருப்பதைக் காட்டி, இது ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்குச் சமையல் என்று பொருள். அது பிரெஞ்சு வழி வந்தது.

தமிழிலும் 'கறி' ஒரே பொருளில் நின்றதில்லை. சங்க நூல்களில் கறி என்றால் பெரும்பாலும் மிளகு. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பியதைச் சொல்லும் அகநானூற்றுப் பாடலில் இருப்பது இந்தச் சொல்தான். இன்று மதுரையில் ஞாயிற்றுக்கிழமை 'கறி எடுக்க' போகிறவர் ஆட்டிறைச்சி வாங்கப் போகிறார். வைணவர் வீட்டுக் 'கறியமுது' காய்கறிப் பதார்த்தம். யாழ்ப்பாணத்தில் சோற்றோடு சேரும் கத்தரிக்காய், மீன், பருப்பு எல்லாமே கறி. காய்கறிக்கு அங்கே மரக்கறி என்று பெயர். மிளகு மணக்கும் இந்தச் சொல் இறைச்சிக்கும் காய்க்கும் சோற்றுக்குத் துணையானவை எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஆனால் அந்த விரிவுக்கு நடுவிலும் குழம்பு குழம்பாகவே இருந்தது. கூட்டு, பொரியல், பிரட்டல், வறுவல், சொதி, சால்னா ஆகியவை தத்தம் பெயரை இழக்கவில்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'ஆணம்' என்ற பழைய சொல்லும் அடுப்படியில் புழங்கியது.

ஐரோப்பியர் கைக்குப் போனபோதுதான் இந்த வேறுபாடுகள் கரைந்தன. 1563இல் கோவாவில் நூல் எழுதிய போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்தா கறியைக் 'காரில்' என்று குறிப்பிட்டார். 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் அச்சிட்ட 'இந்திய முறை' கறிக் குறிப்பில் மசாலாவாக இருந்தவை முப்பது மிளகும் வறுத்து இடித்த கொத்தமல்லி விதையும்தான். பின்னர் கறித்தூள் புட்டியில் அடைபட்டது. எதில் அந்தத் தூளைப் போட்டாலும் அது கறி என்றாயிற்று. பிரிட்டிஷார் வழியாக ஜப்பானுக்குப் போய் மாவு சேர்த்த கெட்டிச் சாறாக மாறியது. இன்றும் ஜப்பானியக் கடற்படையில் வெள்ளிக்கிழமை கறிச்சோறு போடுகிறார்கள். 1949இல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் தக்காளிச் சாறும் கறித்தூளும் சேர்த்துத் தொத்திறைச்சி மேல் ஊற்ற, 'கறிவுர்ஸ்ட்' பிறந்தது. தாய்லாந்தினர் 'கேங்' என்று சொல்வதையும் மலாய்க்காரர் 'குலாய்' என்று சொல்வதையும் ஆங்கில உணவு அட்டைகள் கறி என்றே எழுதுகின்றன.

இந்தப் பயணத்தில் வருந்த ஒன்றுமில்லை. பிற மக்கள் ஒரு சொல்லை ஏற்றுத் தம் நாவுக்கேற்பச் சமைத்துக்கொள்வது அந்தச் சொல்லுக்குக் கிடைத்த வாழ்வு. கறி மீயை யாரும் திருத்த வேண்டியதில்லை. கறி கப்பித்தானிடம் யாரும் வம்சாவளி கேட்க வேண்டியதில்லை. பினாங்கின் பெருமையே இந்தக் கலப்பில்தான் இருக்கிறது.

கவலை வேறிடத்தில். சொல்லைக் கொடுத்தவர்களே அதன் ஆங்கிலப் பொருளைத் திரும்ப வாங்கித் தம் சமையலுக்குச் சூட்டுகிறார்கள். பினாங்கின் தமிழ் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலருக்கு வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, சொதி எல்லாமே 'கறி'தான். பெயர் போனால் பெயரோடு இருந்த செய்முறை அறிவும் போகும். குழம்பு என்றால் புளியும் பதமும் நினைவுக்கு வரும். பிரட்டல் என்றால் சாறு வற்ற மசாலா பிடிக்கக் கிளறுவது. சொதி என்றால் தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் பார்ப்பது. ஒவ்வொரு பெயரும் ஒரு சிறிய சமையல் குறிப்பு. 'கறி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவ்வளவும் மறைந்துவிடுகிறது.

இப்படி மறைவதால் என்ன நேரும் என்பதற்கு 2021 ஆகஸ்ட்டில் ஒரு சான்று கிடைத்தது. இந்திய உணவு முழுவதும் ஒரே ஒரு மசாலாப் பொருளை வைத்துச் சமைப்பது என்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் நகைச்சுவைப் பத்தியாளர் ஜீன் வைன்கார்ட்டன் எழுதினார். சென்னையில் பிறந்த அமெரிக்கச் சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் பத்மா லட்சுமி உள்ளிட்ட பலர் கடுமையாக எதிர்த்தார்கள். நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. ஒரு பத்தியாளரின் அறியாமை என்று அதைத் தள்ளிவிட முடியாது. பல நூறு பதார்த்தங்களுக்கு ஒரே பெயர் வைத்த இருநூறு ஆண்டுப் பழக்கத்தின் விளைவு அது.

வியாபாரத்துக்கு எளிய சொல் வேண்டும், சீனரும் மலாய்க்காரரும் சுற்றுலாப் பயணிகளும் வரும் கடையில் குழம்பு என்று எழுதினால் யாருக்குப் புரியும் என்று கேட்கலாம். பதில் மலேசியாவின் தெருக்களிலேயே இருக்கிறது. தோசையை யாரும் 'அரிசி அப்பளம்' என்று மொழிபெயர்க்கவில்லை. மலாய்க்காரரும் சீனரும் 'தோசை' என்றே கேட்டு வாங்குகிறார்கள். வடை, இட்லி, அப்பம், சாம்பார், ரசம் எல்லாம் தம் பெயரோடு இருக்கின்றன. நாசி கண்டார் கடையில் தாளிச்சா 'டால்சா'வாக இன்றும் கொதிக்கிறது. வாழை இலை உணவகங்களில் 'மட்டன் வறுவல்', 'சிக்கன் பிரட்டல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் எழுந்து போனதில்லை. கடைக்காரர் பிடிவாதமாக எழுதிய பெயரை ஊர் கற்றுக்கொண்டது. கறித்தூள் விற்கும் நிறுவனங்கள்கூட மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்று பிரித்தே அடைக்கின்றன. பொட்டலத்தில் இருக்கும் வேறுபாடு உணவு அட்டையில் ஏன் இருக்கக்கூடாது?

உணவு மரபைக் காப்பதில் பினாங்கு அரசு அக்கறை காட்டாமல் இல்லை. உள்ளூர்ச் சுவை மாறிவிடக் கூடாது என்று, அங்காடிக் கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைப்பதற்கு 2016இல் தடை கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் ரொட்டி சானாயும் நாசி லெமாவும் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சுவைக்கும் செய்முறைக்கும் கிடைத்த இந்த மதிப்பு பெயர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இதற்குச் சட்டம் தேவையில்லை. தமிழர் நடத்தும் உணவகங்கள் அடுத்த முறை உணவு அட்டையை அச்சிடும்போது 'மீன் கறி'க்குப் பதில் 'மீன் குழம்பு' என்று ரூமி எழுத்திலும் தமிழிலும் எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம். நாசி கண்டார் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம்கள் தங்கள் வீட்டு 'ஆணம்' என்ற சொல்லைப் பலகைக்குக் கொண்டுவரலாம். தமிழ்ப் பள்ளிகள் உணவுத் திருவிழா நடத்தும்போது ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதன் சரியான பெயரை எழுதி, பாட்டியிடம் கேட்டு வந்த செய்முறையை மாணவர்களே விளக்கும்படி செய்யலாம். மாநிலச் சுற்றுலாத் துறை வெளியிடும் உணவு வழிகாட்டிகளில் கறி மீக்கும் கறி கப்பித்தானுக்கும் பக்கத்தில் புளிக்குழம்பும் சொதியும் தனித் தலைப்போடு இடம்பெற வேண்டும் என்று தமிழ் அமைப்புகள் இப்போதே எழுதிக் கேட்கலாம்.