அந்த மூன்றாவது காலை முறிக்காதீர்கள்

வீட்டில் பாட்டு ரெக்கார்ட் பண்ணுகிற எல்லாருக்கும் அந்த "ம்ம்ம்ம்" தெரியும். ஹெட்போனைப் போட்டால் குரலுக்கு அடியில் ஒரு வண்டு. கனடாவில் அது 60 ஹெர்ட்ஸ். ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் நின்று எந்தச் சுருதியோடும் சேராது. (லண்டனிலும் பாரிஸிலும் 50 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. அது இன்னும் மோசம், எங்கட அக்காமார் பலர் பாடுவதே ஐந்தில்.)

உடனே சவுண்ட் தெரிந்த ஒரு அண்ணா வருவார். "பிளக்கின் மூன்றாவது காலைக் குறட்டால் முறித்துவிடு, இரைச்சல் போய்விடும்." எனக்கே மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிவுரையில் எனக்குப் பிடிக்காத விஷயமே அது வேலை செய்வதுதான்.

ஏன் வேலை செய்கிறது? லேப்டாப் ஒரு சுவரில், மிக்ஸர் இன்னொரு சுவரில். இரண்டுக்கும் பிளக் வழியாக எர்த் உண்டு. ஓடியோ கேபிளின் வெளிக்கம்பி அவற்றை மறுபடியும் இணைக்கிறது. இப்போது ஒரு வளையம் உருவாகிவிட்டது. அதில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் அந்த வண்டு. காலை முறித்தால் வளையம் அறுந்துவிடும், சரி. ஆனால் நாளைக்கு மிக்ஸருக்குள் ஒரு வயர் கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால், அந்தக் கரண்ட் போக எர்த் கம்பி இல்லை. பிரேக்கர் விழாமலே போகலாம். மைக்கைப் பிடித்திருக்கிறவர் தொடும்வரை பெட்டி காத்திருக்கும்.

கற்பனை இல்லை. 1972இல் வேல்ஸின் ஸ்வான்ஸியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் இறந்தது தன் வீட்டில், கிட்டார் வாசிக்கும்போது.

"இருபது வருஷமா இப்படித்தான் செய்யிறன், ஒன்றும் நடக்கேல்லை" என்பார் அண்ணா. சீட் பெல்ட் போடாதவரும் அப்படித்தான் சொல்வார்.

முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட விடுங்கள். சத்தம் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே பவர் பாரில் செருகுங்கள். போதவில்லையா, ஓடியோ கேபிளுக்கு நடுவே ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர் வையுங்கள். டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் தட்டலாம். அது துண்டிப்பது ஓடியோ கேபிளின் வெளிக்கம்பியை மட்டும், சுவர் எர்த்தை அல்ல. இந்த வித்தியாசம்தான் அண்ணாமாருக்குப் பிடிபடுவதில்லை.

லைட்டின் டிம்மரைத் திருகும்போது சத்தம் மாறினால் டிம்மரை அணையுங்கள். "டுட்-டுட்-டுட்" என்றால் ஃபோன். வீடியோவில் பட்டை பட்டையாக ஏதாவது மேலே ஏறினால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், அங்கேயும் அதே வளையம் இருக்கலாம்.

ஏற்கெனவே கால் முறிந்த பிளக் உங்கள் பேஸ்மென்ட்டில் கிடந்தால் அதை இன்றைக்கே மாற்றுங்கள். டேப் சுற்றி வைக்க வேண்டாம்.